சிங்கத் தலை வைத்த உடை: உயிரைக் கொல்லாமல் செய்துவிட்டால் போதுமா?

#1 ஊசிமுனை

உடை வடிவமைப்புப் படிப்பில் எனக்கு இது கடைசி ஆண்டு. போன வாரம் வகுப்பில் சில படங்கள் காட்டினார்கள். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

2023 ஜனவரியில் பாரிஸில் ஸ்கியாபரெல்லி நிறுவனம் மேடையேற்றிய உடைகள் அவை. வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி. ஒரு கறுப்பு உடையின் தோளிலிருந்து முழு அளவுச் சிங்கத் தலை ஒன்று முன்னால் நீண்டு நிற்கிறது. பிடரிமயிர், மூக்கு, கண், எல்லாமே உயிரோடு இருப்பதுபோல. இன்னொரு உடையில் பனிச்சிறுத்தை, மூன்றாவதில் ஓநாய். மேடையில் மாடல் இரினா ஷேக் அணிந்துவந்த அதே சிங்க உடையோடு அமெரிக்கப் பிரபலம் கைலி ஜென்னர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதுவும் நிஜத் தலை இல்லை. நுரைப்பொருளில் செதுக்கி, போலி ரோமம் வைத்து, கையால் வண்ணம் தீட்டியவை. எந்த விலங்குக்கும் தீங்கு நேரவில்லை என்று நிறுவனம் சொன்னது. பீட்டா தலைவர் இங்க்ரிட் நியூகர்க் பாராட்டவே செய்தார். ஆனாலும் இது வேட்டையை அழகாக்கிக் காட்டுகிறது என்று பலர் கொதித்தார்கள்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தைப் பாடிய இன்ஃபெர்னோ காவியத்தில் வரும் மூன்று விலங்குகளிலிருந்து இந்த எண்ணம் பிறந்ததாம். அங்கே அந்த விலங்குகள் உயிரோடு வழியை மறிக்கின்றன, மனிதன் நடுங்கிப் பின்வாங்குகிறான். உடையில் வந்ததோ தலை மட்டும். உடல் இல்லாத தலை என்றாலே அது வேட்டைக்காரர் வீட்டுச் சுவரில் மாட்டுகிற வடிவம்தானே? பொருள் போலியாக இருக்கலாம், அந்த வடிவத்தில் இருக்கும் பெருமிதம் நிஜம். என்னை உறுத்துவது அதுதான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது பாதிப்பேர் "கொல்லவில்லையே, அப்புறம் என்ன?" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் இறுதித் தொகுப்புக்கு ஆறு உடைகள் செய்ய வேண்டும், தோலும் ரோமமும்தான் நான் எடுத்திருக்கும் கரு. வேலையைத் தொடங்குவதற்கு முன் தெளிவு வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 வெட்டுமேசை

கைவேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இருபது வருடமாகத் துணி வெட்டுகிறவன். அந்தத் தலைகளில் இருப்பது சிற்பியின் உழைப்பு. அதை மதிக்காமல் விமர்சிப்பது சரியில்லை. ஒரு போலிச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு யாரும் துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகப் போவதில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அது ஒரே ஒரு உடை. அதைப் பார்த்து அடுத்த குளிர்காலத்துக்கு வரும் ஆயிரக்கணக்கான நகல்களைக் கையால் செதுக்க மாட்டார்கள், அக்ரிலிக் இழையில்தான் செய்வார்கள். செயற்கை ஃபரை, அதாவது போலி ரோமத்துணியை, வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்பக்கத்திலிருந்து பிளேடால் அடித்துணியை மட்டும் கீறவேண்டும், கத்தரிக்கோலை உள்ளே விட்டால் முடி முழுக்கத் துண்டாகிவிடும். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் மேசை, சட்டை, மூக்கு எங்கும் இழை பறக்கும். பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் அது. வெட்டும்போது மட்டுமல்ல, துவைக்கும்போதும் உதிர்ந்து தண்ணீரோடு போகிறது. தண்ணீரில் இருக்கும் மீனும் விலங்குதானே?

#3 கூழைக்கடா

வெட்டுமேசை அண்ணா, ஒரு பாணியைப் பார்த்து யாரும் காட்டுக்குப் போக மாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போனார்கள். அணிந்தவர்கள் போகவில்லை, அவர்களுக்காக வேறு ஆட்கள் போனார்கள்.

நான் பறவை பார்க்கிறவள். 1886இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் நியூயார்க் கடைத்தெருவில் இரண்டு பிற்பகல்கள் நடந்து, பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் இறகு இருந்தது. அதில் 40 வகைப் பறவைகளை அவரால் அடையாளம் சொல்ல முடிந்தது. காட்டில் செய்கிற பறவைக் கணக்கெடுப்பைத் தெருவில் செய்திருக்கிறார். இறந்த பறவைகளை வைத்து.

வெண்கொக்குகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. முதுகில் மெல்லிய இழைபோல நீளும் அந்த அலங்கார இறகு இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே வளரும். அதனால் கூட்டில் குஞ்சு இருக்கும் நேரத்தில்தான் சுடுவார்கள். தாய் தகப்பன் செத்தால் குஞ்சுகள் பட்டினியில் சாகும். எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலைக்கு விற்றது அந்த இறகு. இதைப் பொறுக்காமல்தான் 1889இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். இன்றைய ராயல் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் வேர் அது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வர 1921 வரை ஆயிற்று. 32 வருடம்!

ஊசிமுனையின் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்று. எதிர்ப்பு வலுத்தபோது, தொப்பிக் கடைகளில் நிஜக் கொக்கின் இறகையே "இது செயற்கை" என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர்கள் நிம்மதியாக அணிந்தார்கள். அந்த ஏமாற்று அத்தோடு முடியவும் இல்லை. 2017இல் பிரிட்டன் கடைகளில் போலி ஃபர் என்று விற்ற பொருள்களில் நிஜ விலங்கு ரோமம் இருப்பது சோதனையில் தெரிந்தது. பண்ணை ரோமம் அவ்வளவு மலிவாகிவிட்டிருந்தது.

போலி நிஜத்தைப் போலவே இருக்கும்போது, நிஜம் போலிக்குள் ஒளிந்துகொள்கிறது. பாரிஸ் மேடையில் இருந்த சிங்கத்தை யாரும் தப்பாக நினைக்க வாய்ப்பில்லைதான். ஆனால் தெருவில் ஒரு காலர்ப்பட்டையைப் பார்த்து, அது மிங்க் என்ற விலங்கின் ரோமமா அக்ரிலிக்கா என்று யார் சொல்ல முடியும்?

#4 வெட்டுமேசை

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. செயற்கை என்று சொல்லி நிஜத்தை விற்றது தெரியாது. என் முந்தைய பதிவின் முதல் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன், கைவேலை பற்றிச் சொன்னதைத் தவிர.

#5 செல்திரை

நான் உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கொல்லாமல் செய்துவிட்டால் போதுமா என்ற கேள்வியை இரண்டு கலைஞர்கள் 2004லேயே ஒரு சின்னக் கோட்டாகச் செய்து காட்டிவிட்டார்கள். ஓரான் கட்ஸ், அயோனட் சர் என்ற இருவர், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில். "பலியில்லாத தோல்" என்று பெயர் வைத்தார்கள். மட்கும் பாலிமரில் பொம்மைக்குப் போடும் அளவில் தையலே இல்லாத ஒரு கோட்டு, அதன்மேல் உயிருள்ள செல்கள் வளரும். கண்ணாடிக் குடுவைக்குள் ஊட்டத் திரவம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதை வைத்தபோது, எலியின் செல்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகின. குழாய் அடைத்தது, ஒரு கை கழன்று வர ஆரம்பித்தது. கடைசியில் காட்சிப் பொறுப்பாளர் பாவோலா அன்டொனெல்லி ஊட்டத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. அதாவது அந்தக் கோட்டைக் கொல்ல வேண்டியிருந்தது. அந்த முடிவு தனக்கு எளிதாக இல்லை என்று அவர் சொன்னார்.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சட்டென்று புரிகிற ஒன்றும் இதில் உண்டு. இப்படிச் செல் வளர்க்க வழக்கமாக ஊற்றுவது கன்றுச் சீரம். கருவுற்ற பசுவை அறுக்கும்போது வயிற்றில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்தக் கலைஞர்களே இதை மறைக்காமல் பேசினார்கள். பலியை ஒழித்தோம் என்று யாராவது சொன்னால், பலி எந்த அறைக்கு மாறியது என்று கேட்க வைப்பதுதான் அவர்கள் நோக்கம். சீரம் இல்லாமல் வளர்க்கும் முறைகள் இன்று இருக்கின்றன, நாங்களும் முடிந்தவரை மாறிவருகிறோம். இருந்தாலும் "ஆய்வகத் தோல்" என்று அட்டை மாட்டி ஒரு பை வந்தால் நான் முதலில் கேட்பது, எதை ஊட்டி வளர்த்தீர்கள் என்றுதான்.

#6 பழையதோல்

பை, செருப்பு, ஜாக்கெட் பழுதுபார்க்கிறவன் நான். படித்தவர்கள் பேசும் இடத்தில் என் அனுபவத்தையும் வைக்கிறேன்.

இப்போது "வீகன் தோல்" என்று அட்டை போட்டு வருவதில் பெரும்பாலானது ரெக்சின். துணிமேல் பாலியூரிதீன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, அவ்வளவுதான். ஈரக்காற்று பட்டுப்பட்டு அந்தப் பூச்சு தானாகவே சிதையும். அலமாரியில் சும்மா தொங்கினால்கூட உரியும். ஒரு பெண் மூன்று வருட ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். விலங்கைக் கொல்லாத பொருள் என்பதற்காகவே தேடி, விலை அதிகம் கொடுத்து வாங்கியது. கழுத்தைத் தொட்டால் செதில் செதிலாகக் கையில் வருகிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒட்ட முடியாது, சாயம் ஏற்றாது, தையல் நிற்காது. விற்ற நிறுவனம் "இயல்பான தேய்மானம்" என்று எழுதி அனுப்பிவிட்டதாம். நல்ல மனதோடு வாங்கியவரைக் குற்ற உணர்வோடு அனுப்ப வேண்டியிருந்தது, எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அதே மேசையில் முப்பது வயதுத் தோல் ஜாக்கெட்டை லைனிங் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அன்னாசி இலை நாரில் கார்மென் இஹோசா உருவாக்கிய பினாடெக்ஸ் மாதிரி நல்ல முயற்சிகளும் வருகின்றன, ஆனால் அதற்கும் மேலே ஒரு பிசின் பூச்சு வேண்டித்தான் இருக்கிறது. காளான் வேரிழையில் செய்த மைலோவை ஸ்டெல்லா மெக்கார்ட்னி போன்ற வடிவமைப்பாளர்கள் ஆசையோடு எடுத்தார்கள், ஆனால் அதைத் தயாரித்த நிறுவனம் 2023இல் பணம் திரட்ட முடியாமல் உற்பத்தியை நிறுத்திவைத்தது.

தோல்தான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தோலிலும் அந்த மாட்டின் வாழ்க்கை தெரியும். உண்ணி கடித்த புள்ளி, முள்கம்பி கிழித்த கோடு, கழுத்துச் சுருக்கம். அதைத் தடவும்போது இது ஒரு உயிர் என்று கைக்குத் தெரிகிறது. அதனால்தான் ஒரு துண்டைக்கூடத் தூக்கிப்போட மனம் வருவதில்லை.

#7 வெட்டுமேசை

அண்ணா சொன்னதில் கடைசிப் பத்தி மனதைத் தொட்டது. ஒரு மறுப்பும் உண்டு. "எப்படியும் கறிக்காக அறுக்கிறார்கள், தோல் வீணாகத்தானே போகும்" என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். மாட்டுத்தோலுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் தோலை விற்றுவரும் பணமும் அந்தக் கணக்கில் சேர்கிறது. அப்புறம், எல்லாத் தோலும் அப்படி இல்லை. கராகுல் ஆட்டுக்குட்டியைப் பிறந்த ஓரிரு நாளில் கொல்கிறார்கள், ரோமத்தின் சுருள் விரிந்துவிடுவதற்குள். அங்கே ரோமத்துக்காகவே உயிர் போகிறது. மிங்க்கும் அப்படித்தான். 2020 நவம்பரில் கொரோனா பரவல் பயத்தில் டென்மார்க் தன் பண்ணை மிங்க்குகளை எல்லாம் அழிக்க முடிவெடுத்தது. ஒரு கோடிக்கு மேல். அவற்றில் லட்சக்கணக்கானவை எந்தக் கோட்டாகவும் ஆகாமல் குழிக்குள் போயின. அந்த எண்ணிக்கையைப் படித்த அன்றுதான், ஒரு சின்ன நாட்டில் எத்தனை கூண்டுகள் இருந்திருக்கின்றன என்பதே எனக்கு உறைத்தது.

#8 மலைமுகடு

எல்லாத் தடையும் நல்லது என்று முடிவுகட்டுவதற்கு முன் இரண்டு கதைகள்.

1983இல் ஐரோப்பா சீல் குட்டிகளின் வெள்ளைத் தோல் இறக்குமதியைத் தடைசெய்தது. பனிக்கட்டிமேல் குட்டிகளை அடித்துக்கொல்லும் படங்கள் உலகத்தை உலுக்கியிருந்தன, கோபம் நியாயமானது. ஆர்க்டிக்கின் இன்யூட் மக்கள் வேட்டையாடியது பெரும்பாலும் வளர்ந்த சீல்களை, அதுவும் உணவுக்காக. தோலை விற்றுத்தான் படகுக்கு எரிபொருள் வாங்கினார்கள். சந்தையே சரிந்தபோது அவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். 2009இல் வந்த அடுத்த சட்டத்தில் இன்யூட்டுக்கு விலக்கு இருந்தது, ஆனால் யாருமே வாங்காத பொருளுக்கு விலக்கு இருந்து என்ன பயன்?

இரண்டாவது, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் விகுனா, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன விலங்கு. உலகின் மிக மெல்லிய கம்பளிகளில் ஒன்று அதனுடையது. சுட்டுத் தோலுரித்தே எடுத்ததால் 1960களில் சில ஆயிரம் மட்டுமே மிஞ்சின. பிறகு வேட்டையைத் தடுத்து, ஊர்மக்கள் சங்கிலிபோலக் கைகோத்து விலங்கைச் சுற்றிவளைத்து, ரோமத்தைக் கத்தரித்து உயிரோடு விட்டுவிடும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். இன்று லட்சக்கணக்கில் மேய்கின்றன. அந்த மக்களுக்குப் போய்ச்சேரும் பங்கு மிகக் குறைவு என்ற புகார் வேறு இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

விலங்கோடு சேர்ந்து வாழ்கிறவர்களையும், தூரத்தில் உட்கார்ந்து வாங்கிக் குவிக்கிறவர்களையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

#9 பட்டிழை

யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். பட்டு?

ஃபர் போட்டவர்மேல் சாயம் ஊற்றியிருக்கிறார்கள். பட்டு அணிந்தவர்மேல் யாரும் ஊற்றியதில்லை. ஒரு கூட்டில் இருப்பது அறுபடாத ஒற்றை இழை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வரை நீளும். அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துபோகும் என்பதால், உள்ளே புழு இருக்கும்போதே ஆவியிலோ வெந்நீரிலோ கூட்டை இடுகிறோம். பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்கும் பட்டும் உண்டு. மினுமினுப்பு குறைவு, பஞ்சு நூல்போல இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ஊசிமுனை, நீங்கள் சொன்ன தலைகளின் போலி ரோமத்தைக் கம்பளியிலும் பட்டிலும் செய்ததாக அந்த நிறுவனமே எழுதியிருந்தது. "எந்த விலங்கும்" என்று சொன்னபோது புழு அதில் சேரவில்லை. முகமும் கண்ணும் உள்ளதற்குத்தான் நாம் இரங்குகிறோமோ என்னவோ. சிங்கத்துக்கு முகம் இருக்கிறது. புழுவுக்காக அழ என்னாலேயே முடியவில்லை, இத்தனைக்கும் அதை வளர்த்திருக்கிறேன்.

#10 ஊசிமுனை

மூன்று நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பட்டிழை, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். முன்பு பார்த்த மாதிரி பார்க்க முடியவில்லை.

நான் எந்தப் பொருள் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கவே இல்லை. 2018இல் பர்பெரி நிறுவனம் அதற்கு முந்தைய நிதியாண்டில் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது வெளியே வந்தது. அந்தச் செப்டம்பரில் இனி அழிக்க மாட்டோம், இனி ஃபர் பயன்படுத்த மாட்டோம் என்று இரண்டையும் ஒரே அறிவிப்பில் சொன்னார்கள். வகுப்பில் ஃபர் பற்றிய பாதியைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு பை யார் தோளிலும் ஏறாமல் சாம்பலாகும்போது அந்த மாடு எதற்காகச் செத்தது? ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென்று விதி கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் விற்காத உடைகளை அழிப்பதற்கான தடை 2026 ஜூலையிலிருந்து என்று அதில் இருக்கிறது. விலங்குகளுக்கான சட்டம் என்று அதை யாரும் சொல்வதில்லை. என் பார்வையில் அதுவும் விலங்குகளுக்கான சட்டம்தான்.

பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்குவீன் 2009இல் செய்த ஹார்ன் ஆஃப் பிளென்ட்டி தொகுப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது. மேடை நடுவில் தன் பழைய காட்சிகளின் மிச்சங்களைக் குப்பைமேடாகக் குவித்து, மாடல்களை அதைச் சுற்றி நடக்கவிட்டார். அங்கே உடல் முழுக்க வாத்து இறகால் ஆன கறுப்பு உடை ஒன்று வந்தது, பெண்ணா பறவையா என்று தெரியாதபடி. நுகர்வைத் திட்டும் காட்சியிலும் பறவையின் இறகு. அந்த முரணை அவர் ஒளிக்கவில்லை. அதனால்தான் பாரிஸ் சிங்கத்தைவிட அது எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. இதை யாராவது மறுத்தால் கேட்கத் தயார், என் ஆசிரியரே மறுக்கிறார்.

என் முடிவு: ஆறு உடை செய்யப் போவதில்லை, இரண்டுதான். புதுத் தோல் வாங்க மாட்டேன், போலி ரோமமும் வேண்டாம். வீசியெறிந்த பழைய தோல் ஜாக்கெட்டுகளைப் பிரித்து வெட்டப் போகிறேன். மதிப்பெண் குறையும் என்றார்கள். குறையட்டும்.

பழையதோல் அண்ணா, ஒரு உதவி. நேற்று முதல் ஜாக்கெட்டைப் பிரித்தேன். தையல் இருந்த இடமெல்லாம் வரிசையாக ஓட்டை. துணியென்றால் நீவினால் மூடிக்கொள்ளும், இது அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

#11 பழையதோல்

மூடாதும்மா. தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். அதனால்தான் நாங்கள் குண்டூசி குத்தாமல் கிளிப் போடுகிறோம்.

இரண்டு வழி இருக்கிறது. ஓட்டைவரிசையை ஒட்டி உள்பக்கமாக வெட்டிவிட்டு மீதியை எடுக்கலாம், ஒவ்வொரு துண்டிலும் ஒரு விரல் அகலம் போகும். இல்லையென்றால் பழைய ஓட்டையிலேயே ஊசி இறங்கும்படி கையால் தைக்கலாம். புது ஓட்டை பக்கத்தில் போட்டுவிடாதே, தபால்தலை மாதிரி கிழிந்து வரும். மெஷினில் தைத்தே ஆகவேண்டுமென்றால் தையலை நீளமாக வை, அடியில் மெல்லிய பருத்திப் பட்டை ஒட்டிக்கொள். முதலில் முதுகுத் துண்டிலிருந்து பெரிய பாகங்களை எடு, அங்கேதான் தோல் கெட்டியாக இருக்கும். அக்குள், வயிற்றுப்பக்கத் துண்டு இழுபடும், அதைச் சின்னப் பாகத்துக்கு வை.

காய்ந்திருந்தால் எண்ணெயை ஒரேயடியாகத் தடவாதே. கொஞ்சமாகப் பூசி, ஓர் இரவு விட்டு, மறுநாள் வளைத்துப் பார். வெடிப்பு தெரிந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.

#12 ஊசிமுனை

பழைய ஓட்டையிலேயே கையால் தைக்கிறேன் அண்ணா. ஓட்டைவரிசை வெளியே தெரியட்டும். இடது தோள்பக்கம் ஒரு கீறல் தழும்பு இருக்கிறது, நீங்கள் சொன்ன முள்கம்பிக் கோடு மாதிரி. அந்தத் துண்டை முன்பக்கத்துக்கு எடுக்கிறேன். நாளைக்குப் படம் போடுகிறேன்.